குறைவாக வாழ்கிறவனிடம் போய்ப் 'போதும்' என்று சொல்லலாமா?

வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கிற தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். நிலைபேறான உற்பத்தியும் நுகர்வும் என்று ஒரு பாடமாம். அதில் 'போதுமை', அதாவது தேவையான அளவோடு நிறுத்திக்கொள்வது, என்று ஒரு பகுதி, உதாரணம் எல்லாம் ஐரோப்பாவில் இருந்து. அவர் கேட்பது மூன்று. இயந்திரமும் முறையும் திறமாக வந்துவிட்டால் குறைந்த பொருளில் நிறைய உண்டாக்கலாமே, பிறகெதற்குப் போதுமை? 2022 இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் காய்ந்த சனத்திடம் 'குறைத்துக்கொள்' என்று சொல்வது நியாயமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதை ஆய்வுக்கு எடுத்தால் எங்கே தொடங்குவது?

இரண்டாவது கேள்வியில்தான் விசயமே இருக்கிறது. முதலாவதை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

1865 இல் இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் நிலக்கரிக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரம் அதற்கு முந்திய எந்திரத்தைவிடக் குறைந்த கரியில் அதே வேலையைச் செய்தது. கரி மிஞ்சும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ஓட்டுகிற செலவு குறைந்ததும் அதுவரை எந்திரம் வைக்காத தொழில்களெல்லாம் எந்திரம் வாங்கின. மொத்தக் கரிச் செலவு ஏறிக்கொண்டே போனது. இதைப் பார்க்க நாம் இங்கிலாந்துக்குப் போகத் தேவையில்லை. கூரையில் சோலர் பூட்டிய வீட்டுக்கு அடுத்த வருடம் ஒருக்கால் போய்ப் பாருங்கள். ஒரு அறையில் இருந்த ஏ.சி. மூன்று அறைக்குப் பரவியிருக்கும். கேட்டால், "கறண்ட் சும்மாதானே வருது" என்பார்கள்.

மட்டக்களப்பு வாவியில் இது இன்னும் கசப்பாகத் தெரியும். பருத்தி நூல் வலை போய் நைலோன் வந்தது, அதற்குப் பிறகு தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலோன், வந்தது. தங்கூசி வலை தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்குப் படாது. பாரமும் இல்லை, விலையும் மலிவு. ஒரு தோணி, ஒரு இரவு, எத்தனை கிலோ என்று மட்டும் கணக்குப் பார்த்தால் அதற்கு மேல் திறமான வலை கிடையாது. அதனால்தான் அதற்குத் தடை. வலைக்கண் சிறுத்தால் இறால் குஞ்சும் சேர்ந்து அள்ளுப்படும். அடுத்த மாதம் பிடிபட வேண்டியதை இந்த மாதமே எடுத்தாயிற்று. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளமான வாவிதான், ஆனாலும் அது வருடத்துக்குக் கொடுக்கிறது ஒரு அளவுதான். வலை திறமானால் அந்த அளவு கூடாது, முடிகிற நாள்தான் முந்தும்.

உலகக் கணக்கும் இதையே காட்டுகிறது. 1970 இல் உலகம் பூமியில் இருந்து எடுத்த கல், மண், உலோகம், எண்ணெய், பயிர், மரம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 30 பில்லியன் தொன். ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கைப்படி அது இப்போது 106 பில்லியன் தொன்னைத் தொட்டிருக்கிறது. இந்த ஐம்பத்துச் சொச்ச வருடத்தில் திறமாகாத தொழில் எதுவும் இல்லை. பல்பு திறமாகியது, எஞ்சின் திறமாகியது, உலை திறமாகியது. மொத்தம் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. திறன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேலே ஒரு எல்லை போடாத திறன், சேமித்ததைத் தானே தின்றுவிடும் என்பதுதான் என் வாதம்.

இனி இரண்டாவது கேள்வி.

காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2022 இல் வெளியிட்ட அறிக்கையில் போதுமைக்கு வரைவிலக்கணம் கொடுத்தது. சக்தி, மூலப்பொருள், நிலம், தண்ணீர் இவற்றின் தேவையே எழாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகளும் அன்றாட வழக்கங்களும், ஆனால் எல்லாருக்கும் நல்வாழ்வு கிடைத்தாக வேண்டும், அதுவும் பூமி தாங்கும் எல்லைக்குள். சாரம் இதுதான். நடுவில் இருக்கிற 'எல்லாருக்கும்' என்பதை விட்டுவிட்டுப் படிப்பவர்கள்தான் அதிகம். அதை விட்டால் மிஞ்சுவது சிக்கனப் பிரசங்கம். அதைச் சேர்த்துப் படித்தால் போதுமைக்கு மேலே ஒரு கூரையும் கீழே ஒரு தளமும் உண்டு என்று விளங்கும். தளத்துக்குக் கீழே கிடக்கிறவனிடம் கூரையைக் காட்டிப் பேசுவது அநியாயம்.

2022 இல் நம் சனம் தளத்துக்குக் கீழேதான் கிடந்தது. அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. மண்ணெண்ணெயில் ஓடும் சின்னப் போட்காரர் வாழைச்சேனையிலும் கல்முனையிலும் எத்தனை பேர்? அவர்கள் கரையில் இருந்ததை 'நுகர்வு குறைந்தது' என்று யாராவது வரைபடம் கீறினால் அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம். அதற்கு முந்திய வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. வயலில் பயிர் மஞ்சளித்து நின்றது. இயற்கைப் பசளைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பில் பிழை இல்லை. ஆனால் மண்ணுக்கு எவ்வளவு தேவை என்று அளக்காமல், மாற்று ஏற்பாடு செய்யாமல், விவசாயியிடம் கேட்காமல் 'இல்லை' என்றார்கள். அதற்குப் பெயர் தட்டுப்பாடு. தாய்லாந்திலும் மன்னர் பூமிபோன் போதுமைப் பொருளாதாரம் என்று வலியுறுத்திப் பேசியது 1997 நிதி நெருக்கடி வேளையில்தான். நெருக்கடியில்தான் மேலிடத்துக்கு இந்தச் சிந்தனை ஞாபகம் வருகிறது, அதுவும் பெரும்பாலும் கீழே இருப்பவனுக்குச் சொல்ல.

ஆனால் அதே 2022 இல் இன்னொன்றும் நடந்தது, அதையும் பார்க்க வேண்டும். எரிபொருளுக்குக் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. நாட்டுக்குள் எண்ணெய் திடீரென்று பெருகிவிடவில்லை. பங்கு வந்தது, வரிசை சுருங்கியது. 4 லீற்றர் யாருக்கும் காணாது, அது வேறு கதை. ஆனால் 'எனக்குரியது எனக்கு வரும்' என்ற நம்பிக்கை வந்ததும் வீட்டில் கானில் பதுக்கி வைக்கிற அவசரம் குறைந்தது. எல்லை எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் மனிதர் அதற்குள் நிற்பார்கள். பக்கத்தில் ஒருவன் அள்ளிக்கொண்டு போகும்போது யாரும் நிற்கமாட்டார்கள்.

தம்பி ஐரோப்பிய உதாரணங்களை ஓரமாக வைத்துவிட்டு நம் சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் போய் ஒரு மூலையில் உட்காரட்டும். மாரி வேளாண்மைக்கு மழை இருக்கிறது. சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பியது. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி என்று ஒவ்வொரு குளத்துக்கும் கணக்கு வேறு. கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து குளத்தில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பார். அதில் இருந்துதான் பேச்சு தொடங்கும். உன்னிச்சையில் மட்டக்களப்பு நகரத்துக் குடிநீருக்கும் ஒதுக்க வேண்டும். குடிக்கிற தண்ணீர் முதல், வயல் பிறகு. மிச்சத்தை வைத்து எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள். எந்தத் திகதிக்குள் விதைக்க வேண்டும், எத்தனை மாத நெல், முதல் தண்ணீர் எப்போது திறப்பது, கடைசித் தண்ணீர் எப்போது பூட்டுவது, மாடுகளை எந்தத் திகதிக்கு முன் வயல்வெளியில் இருந்து அப்புறப்படுத்துவது, எல்லாம் அன்றைக்கே முடிவாகும். கூட்டத்து முடிவுக்கு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் பலமும் உண்டு. பிறகு அதை வாய்க்கால் வாய்க்காலாக நடத்திக் காட்டுவது, தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளரான வட்டவிதானையின் பாடு.

இருக்கிறது எவ்வளவு, முதலில் யாருக்கு, மிச்சத்தை எப்படிப் பங்கிடுவது, மீறினால் என்ன. பொருளியல் நூல்கள் போதுமை என்று எழுதுவதை ஒரு வட்டவிதானை தலைக்கட்டோடு மதகில் நின்று செய்துகொண்டிருக்கிறார். இதில் எனக்குப் பிடித்தது, 'ஆசையைக் குறை' என்று அங்கே யாரும் பேசுவதில்லை. ஏக்கரைப் பற்றித்தான் பேசுவார்கள், சண்டையும் பிடிப்பார்கள். ஒரு வயற்கண்டத்துக்கு இந்த வருடம் இல்லையென்றால் அடுத்த வருடம் தா என்று கேட்டு எழுதி வாங்குவார்கள்.

இதை அழகுபடுத்திக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. தீர்மானித்த ஏக்கருக்கு மேல் களவாக விதைப்பது நடக்கிறது. செல்வாக்குள்ளவன் விதைத்தால் தண்ணீரை மறிக்க வட்டவிதானைக்குத் தைரியம் வராது. பயிர் காய்ந்துபோகும் என்று மனு கொடுத்து, கடைசியில் அந்த வயலுக்கும் தண்ணீர் விட வைப்பார்கள். அந்தத் தண்ணீர் வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கிறவனுடைய கடைசி இரண்டு தண்ணீர். நெல் பால் கட்டுகிற நேரத்தில் அவனுக்கு வாய்க்காலில் சேறுதான் வரும். எல்லை போடுவது ஒரு பின்னேர வேலை, காப்பது நாலு மாத வேலை. ஐரோப்பாவில் எழுதுகிறவர்கள் பலர் முதலாவதைப் பற்றியே எழுதுகிறார்கள்.

வயலுக்குள் இறங்கினால் இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. இலை வர்ண அட்டை என்று ஒரு பிளாஸ்டிக் பட்டி, கையளவுதான். வெளிர் பச்சையில் இருந்து கரும்பச்சை வரை நாலு நிறம் வரிசையாக இருக்கும். பயிரில் முழுதாக விரிந்த ஆக மேல் இலையைப் பிடுங்காமல் அட்டையின் மேல் படுக்க வைத்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நிழல் விழும்படி நின்று ஒப்பிட வேண்டும். வெயில் நேரே பட்டால் நிறம் ஏமாற்றும். வயலில் அங்குமிங்குமாகப் பத்து இலை. அதில் ஐந்து அல்லது அதற்கு மேல் குறித்த நிறத்தைவிட வெளிறி இருந்தால் யூரியா போடலாம். இல்லையென்றால் மூடையைக் கட்டி வைத்துவிட்டு ஒரு கிழமை கழித்து வந்து பார்க்கலாம். 'எவ்வளவு போதும்' என்பதைப் பயிரிடமே கேட்கிற வேலை இது. யூரியா கூடினால் பயிர் கரும்பச்சையாய்ப் பார்க்க நன்றாக இருக்கும். பிறகு எரிபந்த நோய் பிடிக்கும், கபிலத்தத்திப் பூச்சி இறங்கும், காற்றடித்தால் சாயும். அதற்கு மருந்து அடிக்க வேண்டும், அதுவும் காசு. பக்கத்து வயல்காரன் இரண்டு மூடை போட்டான் என்று தானும் இரண்டு மூடை போடுவதுதான் நம் ஆட்களின் அட்டை.

விதையிலும் அப்படித்தான். வீசி விதைப்புக்கு ஏக்கருக்கு இரண்டு புசல் காணும் என்று விவசாயத் திணைக்களம் சொல்லும். மூன்று, நாலு போடுகிறவர்கள் ஏராளம். புல் எழும்பாமல் இருக்க, எலி தின்பது போக மிஞ்ச, என்று காரணம் சொல்வார்கள். முழுதும் பொய்யில்லை, வரம்பும் தட்டும் சரியில்லாத வயலில் அந்தப் பயம் நியாயமே. அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறோம், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பயிர் மண்ணில் இருந்து எடுக்கிற பொட்டாசியத்தில் பெரும் பங்கு நெல்மணியில் போவதில்லை, வைக்கோலில்தான் நிற்கிறது. அதைத் திரும்ப வயலில் போட்டு உழாமல் எரித்துவிட்டு, வெளிநாட்டில் இருந்து வந்த பொட்டாசியத்தைக் கடன் எழுதி வாங்குகிறோம்.

இவ்வளவும் உற்பத்திப் பக்கம். நுகர்வுப் பக்கம் என்றால் நம் பகுதியில் தொட வேண்டியது வீடு. பொலித்தீன் பையைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள், அது லேசு என்பதால். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும், தமிழர் முஸ்லிம் இரண்டு பக்கத்திலும், பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். தகப்பன் கட்டாருக்கோ சவூதிக்கோ போவது பெரும்பாலும் இந்த வீட்டுக்காகத்தான். அந்த வழக்கம் பெண்ணுக்கு ஒரு உறுதியைக் கொடுத்தது, சொத்து அவள் பெயரில் நின்றது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வீட்டின் அளவை இப்போது யார் தீர்மானிக்கிறார்கள்? குடும்பத்தில் எத்தனை பேர் என்பது இல்லை. முன்வீட்டு மாப்பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள் என்பதுதான். முடியாத மேல்மாடிக்கு நீட்டிவிட்ட கம்பி துருப்பிடித்துக்கொண்டு நிற்க, கீழே இரண்டு பேர் ஒரு அறையில் இருக்கிற வீடுகள் கல்லாற்றில் இருந்து அக்கரைப்பற்று வரை எத்தனை! (காத்தான்குடி வேறு கதை. அங்கே நிலமே இல்லை, மேலே எழுப்பாமல் வழியில்லை. அதை இதோடு சேர்க்கக்கூடாது.)

அந்த வீட்டுக்கு மண் ஆற்றில் இருந்து வருகிறது. லொறி லொறியாக முந்தனை ஆற்றிலும் மாதுறு ஓயாவிலும் அள்ளுகிறார்கள். அனுமதிப்பத்திரத்தோடும் அள்ளுகிறார்கள், இல்லாமலும் அள்ளுகிறார்கள். ஆறு பள்ளமானால் கரை இடியும், கிணற்றுத் தண்ணீர் கீழே போகும், கடலோரத்தில் உப்பு ஏறும். சீமெந்தைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை, உலகக் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஏழு எட்டு வீதம் அதில் இருந்து. இப்படிக் கட்டிய கொங்கிறீட் தட்டு பகலெல்லாம் சூடேறி இரவெல்லாம் கக்கும், அதற்கு ஏ.சி. முன்விறாந்தையும் ஓட்டுக் கூரையும் மேல் காற்றோட்டமும் இருந்த பழைய வீட்டில் வைகாசி வெயிலிலும் ஒரு காற்றாடியோடு படுக்கலாம். மேலே சொன்ன 2022 அறிக்கை கட்டடங்களில் போதுமையை முன்னுக்கு வைத்தது சும்மா இல்லை. வீட்டின் பரப்பையும் வடிவத்தையும் முதல் நாள் சரியாகத் தீர்மானித்தால், பிறகு முப்பது நாற்பது வருடத்துக்கு ஒருவரும் எதையும் 'குறைக்க' வேண்டியதில்லை.

பொலித்தீன் பற்றி ஒன்று மட்டும். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்தன, எட்டு வருடத்தில் ஏறக்குறைய 20 யானை என்று 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. லன்ச் சீட்டுக்கு 2017 இல் இருந்தே தடை இருந்த நாடு இது. கடைசி மூலையில் குப்பையைத் தரம் பிரிப்பதைவிட அந்தப் பொருள் தொழிற்சாலையை விட்டு வெளியே வராமல் தடுப்பது மலிவு.

பழுது பார்க்கும் தொழிலையும் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் இந்த நாட்டின் பழைய மோட்டார் சைக்கிள்களை ஓட வைத்தது யார்? கராஜ் பொடியன்களும் லேத் கடைக்காரர்களும். கிடைக்காத பாகத்தைக் கடைந்து கொடுத்தார்கள், வேறு மொடலின் பாகத்தை அரம் போட்டுப் பொருத்தினார்கள். அந்தக் கைத்திறன் நம்மிடம் இருக்கிறது. பொருளைத் திறக்க விடமாட்டேன் என்று செய்து அனுப்புகிறவன்தான் இடைஞ்சல். குளிர்சாதனப் பெட்டியின் சர்க்கிட் போட் ஒன்று எரிந்தால் முழுதாக மாற்ற வேண்டும், அதன் விலைக்குப் பாதிப் பெட்டி வாங்கலாம். பிரான்சில் 2021 இல் இருந்து சில மின்பொருள்களுக்கு, எவ்வளவு சுலபமாகத் திருத்தலாம் என்று பத்துக்கு ஒரு புள்ளி போட்டுத்தான் விற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்தும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்குகிற பொருளுக்கு நாமும் இப்படி ஒன்று கேட்கலாம். வாங்குகிறவனின் ஒழுக்கத்தைவிட விற்கிறவன் மீதான விதி நூறு மடங்கு வேலை செய்யும்.

மருதமுனைக் கைத்தறிச் சாரனை எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லலாம், ஆனால் அங்கே ஒரு முள் இருக்கிறது. 2000 முதல் 2015 வரை உலக உடுப்பு உற்பத்தி ஏறக்குறைய இரட்டித்தது, ஒரு உடுப்பை உடுக்கிற தடவையோ குறைந்தது. நல்ல கைத்தறிச் சாரன் வருடக்கணக்கில் உழைக்கும், ஆகவே அது நல்ல உதாரணம். ஆனால் இந்த நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 வீதம் ஆயத்த ஆடை. ஐரோப்பாவில் ஒருத்தி 'எனக்கு இருக்கிற உடுப்புப் போதும்' என்று நல்ல மனதோடு முடிவெடுத்தால், படுவான்கரையில் இருந்து விடிய முன் பஸ் ஏறுகிற ஒரு பிள்ளைக்கு வேலை போகலாம். இதற்குச் சுலபமான பதில் இல்லை. குறைவாக, ஆனால் நீடிக்கிற உடுப்பு என்றால் ஒரு உடுப்புக்குக் கூடுதல் வேலை நேரமும் கூடுதல் கூலியும் இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் விலையில் எவ்வளவு தையல் மேசை வரை வந்து சேரும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். போதுமையை ஆதரிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவதை நான் ஏற்பதில்லை. உங்கள் கட்டுரையில் தாண்டாதீர்கள்.

எல்லாருக்கும் தளம் கட்டுப்படியாகுமா என்ற பயமும் வேண்டாம். 2020 இல் வந்த ஒரு ஆய்வு, வீடு, குளிர்பெட்டி, வைத்தியம், படிப்பு, போக்குவரத்து எல்லாம் உலகத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும்படி கணக்குப் போட்டது. நல்ல தொழில்நுட்பமும் மேலே எல்லையும் சேர்ந்தால், சனத்தொகை மூன்று மடங்காகியிருந்தும், 2050 இல் 1960களின் சக்தி அளவே காணும் என்று வந்தது.

ஆய்வுக்கு வருவோம். வீடும் துணியும் இளமாணிக் கட்டுரைக்குப் பெரிது. குளத்தை எடுங்கள். ஒரு குளம், ஒரே ஒரு வாய்க்கால். ஐந்து சிறுபோகத்து ஆரம்பக் கூட்ட அறிக்கைகளில் தீர்மானித்த ஏக்கரை எழுதிக்கொள்ளுங்கள். அதே போகத்தில் உண்மையில் விதைத்த ஏக்கரைக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். களவாக விதைத்தது பதிவில் இருக்காது, ஆகவே செய்மதிப் படத்தோடும் ஒத்துப்பாருங்கள், அது இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் எந்த வருடத்தில் கூடியது, அந்த வருடம் கடைக்கோடி வயல்களுக்கு எத்தனை தண்ணீர் குறைந்தது என்று தேடுங்கள். தலை வாய்க்கால்காரரை முதலில் சந்திக்க வேண்டாம், அவர்கள் உங்களுக்குத் தேத்தண்ணி தந்து எல்லாம் நல்லபடி நடக்கிறது என்பார்கள். கடைக்கோடியில் தொடங்குங்கள். வட்டவிதானையைக் கடைசியாகப் பாருங்கள், அதுவும் போகம் முடிந்து தண்ணீர் பூட்டிய பிறகு. போகத்துக்கு நடுவில் கேட்டால் அவர் வாய் திறக்கமாட்டார்.